புதுக் கம்ப்யூட்டரில் பழைய விண்டோஸ்: கை வைப்பதற்கு முன்

விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு கும்பிடு போட்டுவிட்டது. எக்ஸ்பிக்கு அதற்கும் முன்பே, 2014 ஏப்ரலில். ஆனாலும் இரண்டையும் புது மெஷினில் ஏற்றித் தரச் சொல்லி ஆட்கள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். பேஜ்மேக்கரில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் டிடிபி சென்டர், டாங்கிள் (மென்பொருளைத் திறக்கும் சாவி போன்ற சின்னக் கருவி) சொருகாமல் திறக்காத எம்பிராய்டரி மென்பொருள், எடைமேடைக்கு யாரோ எப்போதோ எழுதிக் கொடுத்த புரோகிராம் என்று ஆளுக்கொரு காரணம். பிழைப்பு அதில் ஓடுகிறது, அதனால் கேட்கிறார்கள்.

இந்த வேலையைப் புதிதாகப் பழகும் பையன்கள் அதே பழைய தப்புகளை வரிசையாகச் செய்வதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். சார்ஜரைச் சொருகு, சீரியல் நம்பரைக் குறித்துவை என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், விட்டுவிடுகிறேன்.

கீபோர்டு போய்விட்டது என்று நினைப்பது

விண்டோஸ் 7 செட்டப் திரை வரும். மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். மவுஸ் அசையாது, கீபோர்டும் வேலை செய்யாது. உடனே வேறு கீபோர்டு மாற்றிப் பார்ப்பார்கள். கோளாறு கீபோர்டில் இல்லை. 2009-இல் வந்த விண்டோஸ் 7-இல் யுஎஸ்பி 3 டிரைவர், அதாவது அந்த போர்ட்டை இயக்கும் மென்பொருள், கிடையாது. இன்டெல் 2015-இல் ஸ்கைலேக் கொண்டுவந்தபோது, பழைய யுஎஸ்பி 2 கன்ட்ரோலரை சிப்செட்டிலிருந்தே எடுத்துவிட்டது. ஆக, எந்த போர்ட்டில் சொருகினாலும் ஒன்றுதான்.

டிரைவரை ஐஎஸ்ஓவுக்குள் (விண்டோஸ் செட்டப் முழுவதும் அடங்கிய ஃபைல்) சேர்க்க வேண்டும் என்பது நிறையப் பேருக்குத் தெரிகிறது. எங்கே சேர்ப்பது என்பதில்தான் கோட்டை விடுகிறார்கள். செட்டப்பை ஓட்டும் பூட்.விம், டிஸ்க்கில் ஏறப்போகும் விண்டோஸ் இருக்கும் இன்ஸ்டால்.விம் இரண்டிலுமே சேர்க்க வேண்டும். முதலாவதில் மட்டும் சேர்த்தால் செட்டப் ஓடும், இன்ஸ்டால் முடிந்து முதல் தடவை திறக்கும்போது மவுஸ் செத்துப்போகும். இரண்டாவதில் மட்டும் சேர்த்தால் செட்டப்பே நகராது. பூட்.விம்முக்குள்ளேயும் இரண்டு பகுதிகள் உண்டு, செட்டப் ஓடுவது இரண்டாவதில். என்விஎம்இ எஸ்எஸ்டி (புது வகை வேகமான டிஸ்க்) இருந்தால் அதன் டிரைவருக்கும் இதே கதைதான்.

டெஸ்க்டாப்பின் பின்பக்கத்தில் வட்டமான பிஎஸ்/2 போர்ட் இருந்தால் ஒரு பழைய கீபோர்டை அதில் மாட்டி வேலையை முடித்துவிடலாம்.

டிவிடி டிரைவ் வாங்க ஓடுவது

‘சிடி/டிவிடி டிரைவுக்கான டிரைவர் இல்லை’ என்று செட்டப் சொன்னால், அதுவும் மேலே சொன்ன யுஎஸ்பி 3 பிரச்சினையாகத்தான் பெரும்பாலும் இருக்கும். கடைக்குப் போகாதீர்கள்.

டிஸ்க்பார்ட், கிளீன்

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருவது இதை நினைத்தால்தான்.

செட்டப்பில் டிஸ்க்கைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் ஒரு செய்தி வரும்: இந்த டிஸ்க் ஜிபிடி முறையில் இருக்கிறது, இதில் விண்டோஸை நிறுவ முடியாது. (ஜிபிடி, எம்பிஆர் இரண்டும் டிஸ்க்கில் பார்ட்டிஷன் பட்டியலை எழுதிவைக்கும் முறைகள், எம்பிஆர் பழையது.) உடனே போனை எடுத்து வீடியோ தேடுவார்கள். ஷிஃப்ட் எஃப்10 அழுத்து, டிஸ்க்பார்ட் என்று அடி, டிஸ்க் 0 தேர்ந்தெடு, கிளீன், அப்புறம் கன்வர்ட் எம்பிஆர். ஒரு நிமிஷம்கூட ஆகாது. செய்தியும் போய்விடும், இன்ஸ்டாலும் ஓடும்.

என்னிடம் வந்த ஒரு டிடிபி சென்டர் கேஸைச் சொல்கிறேன். புது மெஷின் வாங்கி, பழைய கம்ப்யூட்டரில் இருந்த டிசைன் ஃபைல் எல்லாவற்றையும் அதன் டி டிரைவில் போட்டாயிற்று. பழையதை எக்ஸ்சேஞ்சில் கொடுத்தாயிற்று. ஒரு வாடிக்கையாளர் போன வருஷத்துப் பத்திரிகையைத் திருத்தித் தரக் கேட்டபோதுதான் பேஜ்மேக்கர் ஞாபகம் வந்திருக்கிறது. தெரிந்த பையனைக் கூப்பிட்டு விண்டோஸ் 7 போடச் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பையன் என் முன்னால் நின்று சொன்னது: “நான் டி டிரைவைத் தொடவே இல்லையே அண்ணே. சி-யை மட்டும்தான் ஃபார்மட் பண்ணினேன்.”

அவன் பொய் சொல்லவில்லை. சி, டி என்பதெல்லாம் விண்டோஸ் நமக்குக் காட்டும் பெயர்கள். டிஸ்க்பார்ட்டில் டிஸ்க் 0 என்றால் அந்த டிஸ்க் முழுவதும். கிளீன் என்றதுமே சி, டி, கம்பெனி வைத்த ரெக்கவரி பார்ட்டிஷன் எல்லாம் பட்டியலிலிருந்து போய்விடும். எம்பிஆருக்கு மாற்ற டிஸ்க் காலியாக இருக்க வேண்டும் என்பதால்தான் வீடியோக்காரர் கிளீன் செய்யச் சொல்கிறார். அவருடைய டிஸ்க்கில் ஒன்றுமே இல்லை, அவருக்கென்ன.

அந்த இடத்தில் நிறுத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. கிளீன் அழிப்பது பார்ட்டிஷன் அட்டவணையைத்தான். டிஸ்க்கைக் கழற்றி வேறு மெஷினில் மாட்டி, டெஸ்ட்டிஸ்க் மாதிரி இலவச மென்பொருளில் தேடினால் பார்ட்டிஷன் திரும்பக் கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஆனால் அவன் அதன் மேலேயே புதிதாகப் பார்ட்டிஷன் போட்டு, ஃபார்மட் செய்து, விண்டோஸையும் ஏற்றிவிட்டான். எஸ்எஸ்டி என்றால் நிலைமை இன்னும் மோசம். ஃபார்மட் செய்யும்போதே விண்டோஸ் 7 டிரிம் கட்டளை அனுப்பிவிடும், பழைய டேட்டா அங்கே வேண்டாம் என்று எஸ்எஸ்டி துடைக்க ஆரம்பித்துவிடும். அங்கே நடந்தது அதுதான். மீட்டது சொற்பம்.

இத்தனைக்கும் அந்தச் செய்தி வந்ததன் காரணம் ரொம்பச் சின்னது. பூட் மெனுவைத் திறந்தால் ஒரே பென்டிரைவ் இரண்டு தடவை தெரியும். ஒன்றின் முன்னால் யுஇஎஃப்ஐ (புது பூட் முறை) என்று இருக்கும், இன்னொன்றில் இருக்காது. அவன் தேர்ந்தெடுத்தது இரண்டாவதை. லெகசி, அதாவது பழைய முறையில் பூட் ஆன செட்டப் ஜிபிடி டிஸ்க்கை ஏற்காது. திரும்பப் போய் முதலாவதைத் தேர்ந்தெடுத்திருந்தால் போதும். 64 பிட் விண்டோஸ் 7 ஜிபிடியில் ஒழுங்காக உட்காரும். பயாஸில் செக்யூர் பூட்டை (அங்கீகாரமில்லாததை பூட் ஆகவிடாத பாதுகாப்பு) அணைத்து, சிஎஸ்எம்மைப் (பழைய முறைக்கு இடம் கொடுக்கும் வசதி) போட்டுவைக்க வேண்டும், அவ்வளவுதான். சிஎஸ்எம் இல்லாத மெஷினில் ‘ஸ்டார்ட்டிங் விண்டோஸ்’ லோகோவோடு நின்றுவிடும், ஏனென்றால் அது பழைய விஜிஏ பயாஸைத் தேடுகிறது. மெனுவில் யுஇஎஃப்ஐ வரியே தெரியவில்லை என்றால் பென்டிரைவை ரூஃபஸ் என்ற, பூட் பென்டிரைவ் தயாரிக்கும் மென்பொருளில் ஜிபிடி முறைக்குத் திரும்பத் தயார் செய்யுங்கள்.

எக்ஸ்பிக்கு இந்த வழியும் கிடையாது, அதற்கு எம்பிஆர் டிஸ்க்தான் வேண்டும். அப்போதும் இருக்கிற டிஸ்க்கில் கை வைக்காதீர்கள். அதைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, சின்னதாக ஒரு சாட்டா எஸ்எஸ்டி வாங்கி மாட்டி அதில் என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள். கழற்றாமல், ‘டிஸ்க் 1-ஐத்தானே தேர்ந்தெடுக்கிறேன்’ என்று துணிந்தால், அந்த எண்கள் நீங்கள் நினைத்த வரிசையில் இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை.

பிட்லாக்கர் சாவி இல்லாமல் பயாஸுக்குள் போவது

விண்டோஸ் 10, 11 உடன் வரும் லேப்டாப் பலவற்றில் டிஸ்க்கைப் பிட்லாக்கர் தானாகவே என்கிரிப்ட் செய்து பூட்டியிருக்கும். செக்யூர் பூட்டை அணைத்ததும் 48 இலக்கச் சாவியைக் கேட்கும். முதலில் அதை எடுத்துப் பேப்பரில் எழுதி வையுங்கள்.

கிராஃபிக்ஸைப் பார்க்காமல் மெஷின் வாங்குவது

இன்டெல் உள்ளமை கிராஃபிக்ஸுக்கு விண்டோஸ் 7 டிரைவர் 6-ஆம் தலைமுறையோடு நின்றுவிட்டது. எக்ஸ்பிக்கு 3-ஆம் தலைமுறையோடு சரி. அதற்குமேல் போனால் இன்ஸ்டால் ஆகும், ஆனால் திரை மங்கலாக, ஜன்னலை நகர்த்தினால் இழுபடும். 7-ஆம் தலைமுறை இன்டெல், ரைசன் மெஷின்களில் விண்டோஸ் 7-க்கு அப்டேட் வராமல் 2017-இலேயே மைக்ரோசாஃப்ட் தடுத்துவிட்டது.

யாரோ சமைத்த ஐஎஸ்ஓ

வேண்டாம்.

நெட்டில் இணைப்பது

அப்டேட் நின்றுபோன விண்டோஸை நெட்டில் விடாதீர்கள். பிரின்டர் பங்கிட வேண்டும் என்பார்கள். பென்டிரைவில் எடுத்துப் போய் அடியுங்கள். குரோம்கூட 109-ஆம் பதிப்போடு விண்டோஸ் 7-ஐக் கைவிட்டுவிட்டது.

நேரடியாகத்தான் போட வேண்டும் என்று அடம்பிடிப்பது

பேஜ்மேக்கருக்காக வருகிறவர்களுக்கு நான் பழைய விண்டோஸை மெஷினில் நேரடியாகப் போட்டுத் தருவதில்லை. விண்டோஸ் 11-க்குள் வர்ச்சுவல்பாக்ஸ் (கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டர் போல ஓடும் மென்பொருள்) போட்டு, அதற்குள் எக்ஸ்பி ஏற்றித் தருகிறேன். பழைய தமிழ் ஃபான்ட் எல்லாம் அதில் அப்படியே ஓடும். யுஎஸ்பி டாங்கிளையும் பெரும்பாலும் உள்ளே திருப்பிவிடலாம்.

பாரலல் போர்ட் டாங்கிளும் மெஷினோடு வந்த கார்டும்தான் இதற்கு மசியாது. அவர்களுக்குப் புதுக் கம்ப்யூட்டரே வேண்டாம். 3-ஆம் தலைமுறை ஐ3 டெஸ்க்டாப் ஒன்றைச் செகண்ட்ஹேண்டில் பிடியுங்கள். எக்ஸ்பிக்கும் 7-க்கும் டிரைவர் இருக்கிறது, யுஎஸ்பி 2-உம் இருக்கிறது. வாங்கும்போது பின்பக்கம் பாரலல் போர்ட் இல்லாவிட்டால் மூடியைத் திறந்து மதர்போர்டில் எல்பிடி என்று எழுதிய ஊசி வரிசை இருக்கிறதா என்று பாருங்கள், ஒரு பிராக்கெட் கேபிளில் வேலை முடிந்துவிடும்.