சிகாகோ தரவை வைத்து வீட்டுத் திருட்டைக் கணிப்பது

குற்றக் கணிப்பைக் கற்றுக்கொள்ள ஏற்றது வீடு புகுந்து திருடும் குற்றம்தான். பொருளைப் பறிகொடுத்தவர் பெரும்பாலும் தாமே போலீசிடம் போகிறார். போதைப்பொருள் வழக்குகளோ ரோந்து நடக்கும் தெருக்களில்தான் அதிகம் பதிவாகும். அவற்றை வைத்துக் கணித்தால் போலீஸ் எங்கே போனது என்பதே விடையாக வரும். அங்கேயே மறுபடி ஆள் அனுப்ப, அங்கேயே வழக்கும் கூடும். கணிப்பது இடத்தை மட்டும். ஆட்களுக்கு மதிப்பெண் போடாதீர்கள்.

சிகாகோ நகரின் திறந்த தரவுத் தளத்தில் 2001 முதலான குற்றப் பதிவுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. குற்ற வகையில் ‘பர்க்லரி’யையும், நடந்த இடத்தில் வீடு, அடுக்கக வகைகளையும் வடிகட்டுங்கள். கடையும் கார் கொட்டகையும் வேறு கதை.

பெரும்பாலான தவறுகள் தரவைப் படிக்கும் இந்தப் படியில்தான் நடக்கின்றன. திருட்டு நடந்த இடத்தைக் காட்டும் எக்ஸ், ஒய் எண்கள் மீட்டரில் இல்லை, அடியில் இருக்கின்றன. நகரைச் சதுரக் கட்டங்களாகப் பிரிக்கப்போகிறோம்; கட்டத்தின் பக்கம் 250 மீட்டர் என்றால் 820 அடி. தனியுரிமைக்காக ஒவ்வொரு புள்ளியையும் அதே தெருப்பகுதிக்குள் நகர்த்தியிருக்கிறார்கள். அதனால் 100 மீட்டருக்கும் சிறிய கட்டம் போட்டால் பொய்யான துல்லியம்தான் மிஞ்சும். வீட்டுக்காரர் ஊரிலிருந்து திரும்பிய பிறகே திருட்டு தெரியவரும் என்பதால் நேரம் பல சமயம் தோராயமானது. மணிக்கணக்கை விட்டுவிட்டு வாரக்கணக்கில் வேலை செய்யுங்கள். கடைசி 7 நாள் பதிவுகள் கோப்பில் இருக்காது. ஆகவே இது பழைய வாரங்களில் சோதித்துப் பார்க்கத்தான் உதவும்.

நகரம் சுமார் 600 சதுர கிலோமீட்டர். 250 மீட்டர் சதுரங்களாகப் பிரித்தால் ஏறக்குறைய 9,600 கட்டங்கள். முதலில் எளிய அளவுகோல் ஒன்று வேண்டும்: கடந்த 365 நாளில் கட்டத்துக்கு எத்தனை திருட்டு என்று எண்ணி வரிசைப்படுத்துங்கள். அடுத்து அண்மைத் திருட்டின் தாக்கத்தைச் சேருங்கள். ஒரு வீட்டில் திருடியவன் சில நாட்களில் அக்கம்பக்கத்துக்கே திரும்பி வருவதுண்டு. ஒரு கட்டத்தைக் கணிக்க, அதிலும் அதை ஒட்டியுள்ள 8 கட்டங்களிலும் நடந்த ஒவ்வொரு திருட்டுக்கும் 14 நாளுக்கு ஒருமுறை பாதியாகும் எடை கொடுத்துத் தொடங்கலாம்; பிறகு மாற்றிப் பாருங்கள்.

எடைகளைச் சரிசெய்யும் பயிற்சிக்கு 2015–2018 பதிவுகள், சோதனைக்கு 2019. வரிசைகளைக் குலுக்கிப் பிரித்தால் எதிர்காலம் பயிற்சிக்குள் கசிந்துவிடும். 2020 பெருந்தொற்று ஆண்டு. அதைத் தனியே வையுங்கள்.

மொத்தக் கட்டங்களில் எத்தனையில் கணிப்பு சரி என்று சொல்லும் ‘சரி விகிதத்தை’ நம்பவேண்டாம். வாரத்துக்கு 150 திருட்டு என்று கொண்டால், எங்குமே திருட்டு நடக்காது என்று சொல்லும் நிரல்கூட 98 சதவீதத்துக்கு மேல் சரி! அதற்குப் பதில், முதல் 1 சதவீதக் கட்டங்களை, அதாவது 96-ஐ, எடுங்கள். 150-இல் 12 அங்கே விழுந்தால் 8 சதவீதம். அதைப் பரப்பின் 1 சதவீதத்தால் வகுத்தால் 8. இதே எண்ணை எளிய அளவுகோலுக்கும் கணக்கிடுங்கள். 52 வாரங்களையும் தனித்தனியே ஒப்பிட்டு, பெரும்பாலான வாரங்களில் முந்தினால் மட்டும் புதிய முறையை வைத்துக்கொள்ளுங்கள். ஓஹேர் விமான நிலையம், பூங்கா போன்ற வீடில்லாக் கட்டங்களை முன்கூட்டியே நீக்கிவிடுங்கள். அவை பரப்பில் சேர்ந்தால் இந்த எண் சும்மாவே உயர்ந்து காட்டும்.