சுட்டது யார் என்று தேடிப் படியுங்கள்

2021 மார்ச்சில், பினாங்கு பாயான் லெப்பாஸில் எங்கள் கீழ்வீட்டில் மியன்மார்ப் பெண்கள் ஐந்து பேர் வாடகைக்கு இருந்தார்கள். எல்லோருக்கும் தொழிற்சாலை வேலை. ஒருத்தியின் தங்கை மியன்மாரின் யாங்கூன் நகரில், லைங் தாயா என்ற பகுதியில் துணி தைப்பவள். பிப்ரவரியில் ஆட்சியைக் கைப்பற்றிய மியன்மார் ராணுவம் மார்ச் 14 அன்று அங்கே பல டஜன் பேரைச் சுட்டுக் கொன்றது. மறுநாள் கைப்பேசி இணையத்தையும் அறுத்துவிட்டது. தங்கையின் குரல் கேட்கும்வரை அக்கா படிக்கட்டிலேயே உட்கார்ந்திருந்தாள். "மலேசியா என்ன சொன்னது, அங்கிள்?" என்று மலாயில் கேட்டாள்.

அன்றிலிருந்து அரசு அறிக்கைகளைப் பென்சிலோடுதான் படிக்கிறேன். நீங்களும் அப்படிப் படியுங்கள்.

முதலில் வினைச்சொல்லை அடிக்கோடிடுங்கள். "உயிரிழந்தனர்" என்பது நோயில் போனவருக்கும் பொருந்தும். "கொல்லப்பட்டனர்" என்பதில் கொன்றவன் மறைந்துகொள்கிறான். "ராணுவம் சுட்டுக் கொன்றது" என்பதில்தான் கொன்றவன் எழுவாயாக நிற்கிறான். முப்பது வருடம் தமிழ்ப்பள்ளியில் நான் நடத்திய செயப்பாட்டுவினைப் பாடம் இதுதான்.

அப்புறம் "அனைத்துத் தரப்பும்" என்ற சொல்லை வட்டமிடுங்கள். ஏப்ரல் 24இல் ஜகார்த்தாவில், தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானின் தலைவர்கள் மியன்மார் பற்றி எட்டிய ஐந்து அம்ச இணக்கத்தின் முதல் அம்சம், வன்முறை உடனே நிற்க வேண்டும், அனைத்துத் தரப்பும் நிதானம் காக்க வேண்டும் என்கிறது. துப்பாக்கி பிடித்தவனும் குண்டு பட்ட பிள்ளையும் அங்கே ஒரே வரிசையில் நிற்கிறார்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஜூன் 18 ஐ.நா. பொதுச்சபைத் தீர்மானத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அமைதியாகப் போராடுவோரைத் தாக்குவதை நிறுத்து என்று ராணுவத்திடமே அது சொல்கிறது. மியன்மாருக்கு ஆயுதம் போவதைத் தடுக்கச் சொல்லி நாடுகளைக் கேட்கிறது. 119 நாடுகள் ஆதரித்தன, பெலாருஸ் மட்டும் எதிர்த்தது, 36 நாடுகள் ஒதுங்கின. மலேசியா ஆதரித்தது. இந்தியா ஒதுங்கிக்கொண்டது.

சரி, சொல் போதாது, செயலையும் பாருங்கள். அதே ஆண்டு பிப்ரவரி 23இல், கோலாலம்பூர் உயர் நீதிமன்றம் தற்காலிகத் தடை விதித்திருந்தும், நம் குடிநுழைவுத்துறை 1,086 மியன்மார் மக்களை லூமுட் கடற்படைத் தளத்தில் மியன்மார்க் கடற்படைக் கப்பல்களில் ஏற்றி அனுப்பியது. ராணுவம் அங்கே ஆட்சியைக் கைப்பற்றி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. கண்டன அறிக்கை எது வந்தாலும், ஓரத்தில் இந்தத் தேதியை எழுதி வைக்கிறேன்.

பிறகு உங்கள் நாடாளுமன்ற உறுப்பினருக்கு எழுதுங்கள். ஒரு பக்கம் போதும். தொகுதி வாக்காளர் என்று தெரிய முகவரியைப் போடுங்கள். கேள்வி ஒன்றே ஒன்று, ஆம் இல்லை என்று பதில் வரும்படி: "ராணுவத்திடமிருந்து தப்பி வந்தவர்களைத் திருப்பி அனுப்பக்கூடாது என்று நாடாளுமன்றத்தில் பேசுவீர்களா?" சேவை மையத்தில் நேரில் கொடுத்து, நகலில் சாப், அதாவது முத்திரை, வாங்கிக்கொள்ளுங்கள்.

மலாயில் எழுதினால் "தெர்கோர்பான்" (பலியானார்கள்) வேண்டாம், அதில் கொன்றவனே இல்லை. "தித்தெம்பாக் ஓலே தெந்தெரா" என்று எழுதுங்கள், ராணுவத்தால் சுடப்பட்டார்கள் என்று. "ஆல்" என்று பொருள்படும் அந்த "ஓலே" இருக்கிறதா என்று பார்த்துவிட்டு உறையை ஒட்டுங்கள்.