தயோல் ஒற்றை அடுக்கில் மின்னோட்டம் அளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆல்கேன்தயோல் என்பது ஒரு முனையில் கந்தகம் கொண்ட கார்பன் சங்கிலி மூலக்கூறு. தங்கத்தின் மேல் தானாக அணிவகுத்து நிற்கும் அதன் ஒற்றை அடுக்கின் தடிமன் 1 முதல் 2 நானோமீட்டர்தான். எலெக்ட்ரான்கள் அதைச் சுரங்கப்பாய்வாக, அதாவது தடையைத் தாண்டாமல் அதனூடே ஊடுருவி, கடக்கின்றன. சங்கிலியில் ஒரு கார்பன் கூடினால் மின்னோட்டம் சுமார் 2.7 மடங்கு குறையும். அப்படியானால் ஐந்து கார்பன் அளவுக்கு மெலிந்த இடத்தில் சுமார் 150 மடங்கு பாயும். பரப்பில் 1 சதவீதம் இப்படி மெலிந்திருந்தாலே போதும், மீதி 99 சதவீதம் கடத்துவதைவிட அது கூடுதலாகக் கடத்திவிடும். மூலக்கூறை அளக்கிறோம் என்று நினைத்து ஓட்டையை அளப்போம்.

அதனால் பெரும்பாலான தவறுகள் தங்கத்திலேயே தொடங்குகின்றன. ஆவிப்படிவுத் தங்கத்தின் மேல்முகம் கரடுமுரடானது. தங்கப் படிகமணிகளுக்கு இடையிலுள்ள பள்ளங்களில் மூலக்கூறுகள் ஒழுங்காக நிற்பதில்லை. சிலிக்கன் வேஃபர் (வழவழப்பான சிலிக்கன் தகடு) மேல், ஒட்டவைக்கும் குரோமியம் அடிப்பூச்சு இல்லாமல், தங்கத்தைப் படியவிடுங்கள். புறஊதா ஒளியில் இறுகும் பசையால் அதன்மேல் கண்ணாடித் துண்டை ஒட்டி, உரித்தெடுங்கள். வேஃபரைத் தொட்டிருந்த வழவழப்பான முகம்தான் நமக்கு வேண்டும். உரித்த கையோடு தயோல் கரைசலில் போட்டுவிட வேண்டும். காற்றிலுள்ள கரிம அழுக்கு காத்திருக்காது.

கரைசல் எத்தனாலில் 1 மில்லிமோலார். நைட்ரஜன் செலுத்தி ஆக்சிஜனை வெளியேற்றியது. சில நிமிடங்களிலேயே பரப்பில் நீர் ஒட்டாமல் உருளும். அதை நம்பி எடுத்துவிடாதீர்கள். பரப்பு சீக்கிரம் நிரம்பும், நெருங்கி ஒழுங்குபட 18 முதல் 24 மணி நேரம் கொடுங்கள். பிறகு எத்தனாலில் அலசி, நைட்ரஜனில் உலர்த்தி, அன்றே அளவெடுங்கள். காற்றில் கிடந்தால் கந்தகம் ஆக்சிஜனேறி, தங்கத்தின் மீதான பிடி தளர்ந்துவிடும்.

மின்னோட்டம் அளக்க அடுக்கின் மேலேயும் ஒரு மின்முனை வேண்டும். அதற்காகத் தங்கத்தை நேரடியாக ஆவியாக்கினால் அணுக்கள் அடுக்கைத் துளைத்து ஷார்ட் ஆக்கும். எடையில் 75.5 சதவீதம் காலியமும் 24.5 சதவீதம் இண்டியமும் கொண்ட திரவக் கலவையின் கூம்பு முனை மென்மையாகத் தொடும். ஆனால் அதன் ஆக்சைடு தோல் சுருக்கமுள்ளது. நுண்ணோக்கியில் தெரியும் பரப்பு முழுவதும் மின்தொடர்பு கொள்வதில்லை. வேறு முனையால் எடுத்த மின்னோட்ட அடர்த்தியோடு (பரப்பலகுக்கான மின்னோட்டம்) நேருக்கு நேர் ஒப்பிடுவது பிழை.

சராசரியிலும் ஏமாறுவோம். ஒன்பது அளவுகள் 0.00001, ஒன்று மட்டும் ஷார்ட்டால் 0.1 என்றால், சாதாரண சராசரி 0.01 காட்டும். மடக்கை எடுத்து அதன் இடைநிலையைப் பாருங்கள்.

புதிய மூலக்கூறுக்குப் போகுமுன் 10, 12, 14, 16, 18 கார்பன் தயோல்களை அளந்து, மின்னோட்ட அடர்த்தியின் இயல் மடக்கையை நீளத்துக்கு எதிரே வரையுங்கள். சரிவு ஒரு கார்பனுக்கு 1-ஐ ஒட்டி வர வேண்டும். 0.5 போலக் குறைந்தால் அடுக்கில் ஓட்டைகள் உள்ளன. தங்கத்திலிருந்து மறுபடி தொடங்குங்கள்.