மால்லாக்கில் கிராஷ் ஆனால் மால்லாக்கைத் திட்டாதீர்கள்

சி, சி++ புரோகிராம், மெமரி ஒதுக்கும் மால்லாக் (malloc) அல்லது அதை விடுவிக்கும் ஃப்ரீ (free) அழைக்கும் வரியில் விழுந்தால், தவறு பெரும்பாலும் அந்த வரியில் இருக்காது. வேறெங்கோ ஒரு அரேயின் எல்லை தாண்டி எழுதியிருப்பீர்கள். மால்லாக் மெமரி எடுத்துத் தரும் பகுதியான ஹீப்பின் கணக்கு அப்போதே கெட்டுவிட்டது, மால்லாக் அதை இப்போதுதான் கவனிக்கிறது. அந்த வரியையே முறைத்துப் பார்ப்பதில் பயனில்லை.

ஜிசிசி, கிளாங் என்ற இரண்டு கம்பைலர்களிலும் மெமரித் தவறுகளைப் பிடிக்கும் அட்ரஸ் சானிடைசர் இருக்கிறது. வரி எண் தெரிய டீபக் தகவலையும் சேர்த்து, அதை ஆன் செய்து, மறுபடி கம்பைல் செய்து ஓட்டுங்கள். எல்லை தாண்டிய அதே இடத்தில் நிறுத்தும். அந்த மெமரியை எந்த வரி ஒதுக்கியது, ஏற்கெனவே விடுவித்திருந்தால் எந்த வரி விடுவித்தது என்றும் சொல்லும். வேகம் சுமார் 2 மடங்கு குறையும், பரவாயில்லை.

மறு கம்பைல் முடியாதா? மெமரித் தவறுகளைப் பிடிக்கும் இன்னொரு கருவியான வால்கிரைண்டில் ஓட்டுங்கள். ரொம்ப மெதுவாக ஓடும், பொறுமை வேண்டும். சானிடைசரோடு கட்டியதை மட்டும் இதில் ஓட்டாதீர்கள், இரண்டும் ஒத்துப்போகாது.

அப்புறம், ரேம் தாராளமாக இருந்தும் மெமரி ஒதுக்க முடியவில்லை என்று வந்தால், கேட்ட அளவை அச்சிட்டுப் பாருங்கள். மால்லாக் வாங்கும் அளவுக்கு மைனஸ் கிடையாது, அதனால் கணக்குத் தவறி -1 போனால் 64 பிட்டில் அது 18446744073709551615 ஆகிவிடும். அவ்வளவு பைட் யாரிடமும் இல்லை.