சான்டா ஃபேயில் நான்கு நாள்: தாழ்விலிருந்து உயரத்துக்கு

அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோ மாநிலத் தலைநகரான சான்டா ஃபேக்கு வருகிறவர்களில் பலர் மண் நிறக் கட்டடங்களையும் ஓவியக் கூடங்களையும் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். 1610 வாக்கில் ஸ்பானியர்கள் நிறுவிய ஊர் என்பதால் ஊருக்குள்ளேயே பார்க்க நிறைய இருக்கிறதுதான். ஆனால் ஊரின் கிழக்கு விளிம்பிலேயே சாங்ரே தெ கிறிஸ்டோ மலைத்தொடர் தொடங்கிவிடுகிறது. முக்கால் மணி நேரம் கார் ஓட்டினால் 10,000 அடி உயரத்தில் இறங்கி நடக்கலாம்.

புதியவர்களுக்கு வம்பு இந்த வசதியால்தான். ஊரே சுமார் 7,000 அடியில் இருக்கிறது. கடல் மட்டத்தில் கிடைப்பதைவிட ஆக்சிஜன் இங்கே கிட்டத்தட்ட கால் பங்கு குறைவு. ஹூஸ்டனிலிருந்தோ நியூ ஜெர்சியிலிருந்தோ வந்து இறங்கிய மறுநாளே மேலே போனால் தலைவலியும் குமட்டலும்தான் மிஞ்சும். அதனால் தாழ்ந்த இடங்களை முதலில் முடித்துவிட்டு, உயரமானதைக் கடைசி நாளுக்கு வைத்துத் திட்டமிடுங்கள். இதய, நுரையீரல் தொந்தரவு உள்ளவர்கள் கிளம்பும் முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

படி 1: மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

செப்டம்பர் கடைசியும் அக்டோபர் தொடக்கமும்தான் என் தேர்வு. மழை ஓய்ந்திருக்கும், மலையில் ஆஸ்பென் மரங்கள் மஞ்சளாகியிருக்கும். அக்டோபர் தொடக்கத்தில் பக்கத்து ஊரான அல்புகர்கியில் பலூன் திருவிழா நடப்பதால் அறை வாடகை ஏறிவிடும், முன்னதாகவே பதிவு செய்துவிடுங்கள்.

ஜூலை, ஆகஸ்டில் வந்தாலும் பாதகமில்லை. காலையில் வானம் பளிச்சென்று இருக்கும், மதியத்துக்கு மேல் இடியும் மின்னலுமாக மழை வரும். அந்த மாதங்களில் விடியற்காலையே நடக்கத் தொடங்கி, பன்னிரண்டு மணிக்குள் மேட்டிலிருந்து இறங்கிவிட வேண்டும். வசந்த காலத்தில் காற்று கொஞ்சம் படுத்தும். குளிர்காலம் பனிச்சறுக்குக்காரர்களுக்கு.

படி 2: போய்ச் சேருங்கள், பையைக் கட்டுங்கள்

அல்புகர்கி வரை விமானம். அங்கிருந்து சான்டா ஃபே சுமார் 60 மைல். ரெயில் ரன்னர் ரயில் ஊருக்குள் கொண்டுவந்து விடும். ஆனாலும் மூன்றாம், நான்காம் நாளுக்கு வாடகைக் கார் இருந்தால்தான் நிம்மதி.

பையில் வேண்டியது அதிகமில்லை. தண்ணீர்தான் முக்கியம்: நடக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் அரை லிட்டராவது ஒரு ஆளுக்கு. காற்று அவ்வளவு வறண்டது என்பதால் வேர்வை உடனே காய்ந்துவிடும், உடம்பில் நீர் குறைவதே தெரியாது. தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். உயரத்தில் வெயில் சுள்ளென்று சுடும், ஆகவே சன்ஸ்கிரீன், தொப்பி, கறுப்புக் கண்ணாடி. ஆகஸ்டிலும் ஒரு மழை ஜாக்கெட். கொறிக்க உப்புக் கடலை. புதிதாக வாங்கிய ஷூவை அங்கே வந்து முதல் தடவை போடாதீர்கள். ட்ரெக்கிங் கம்பு எல்லாம் இருந்தால் சரி, இல்லாவிட்டால் குறையில்லை.

படி 3: முதல் நாள் ஊருக்குள்ளேயே நடங்கள்

பிளாசா என்கிற நடுச் சதுக்கத்தில் தொடங்குங்கள். வடக்குப் பக்கம் ஆளுநர் மாளிகை. அதன் தாழ்வாரத்தில் பூர்வகுடிக் கலைஞர்கள் வெள்ளி, டர்க்வாய்ஸ் நகைகளையும் மண்பாண்டங்களையும் விரித்து வைத்து விற்பார்கள். படம் எடுக்கும் முன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

மாலையில் பசேயோ தெ பெரால்டா சாலையோரமிருந்து வளைந்து ஏறும் செங்கல் பாதையில் தியாகிகள் சிலுவை இருக்கும் குன்றுக்குப் போங்கள். சின்ன ஏற்றம்தான். இதில் மூச்சு எப்படி வாங்குகிறது என்று பார்த்தால் அடுத்த மூன்று நாளை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரிந்துவிடும். ஊர் முழுவதும் கீழே தெரியும். 1680-இல் இந்தப் பகுதியின் பூர்வகுடிகளான புவெப்லோ மக்கள் ஒன்று சேர்ந்து ஸ்பானியர்களைத் துரத்தியபோது இறந்த பாதிரியார்களின் நினைவாக வைத்த சிலுவை இது. அந்த மக்கள் ஏன் எழுந்தார்கள் என்பதற்கு இந்தக் குன்றில் மட்டும் விடை தேட வேண்டாம், மூன்றாம் நாள் அவர்களுடைய மூதாதையர் ஊருக்கே போகப் போகிறோம்.

இரவு மதுவைத் தவிர்த்துவிடுங்கள், புது உயரத்தில் அது தலைவலியைக் கூட்டும். சாப்பாட்டுக் கடையில் "சிவப்பா, பச்சையா?" என்று கேட்பார்கள். மிளகாய்க் குழம்பைப் பற்றித்தான். இரண்டும் வேண்டுமென்றால் "கிறிஸ்துமஸ்" என்று சொன்னால் போதும். காரம் நம் நாக்கைப் பயமுறுத்தாது, பச்சை மிளகாயைச் சுட்டுச் செய்வதால் வரும் மணம்தான் விசேஷம்.

படி 4: இரண்டாம் நாள் அடிவாரம்

டேல் பால் பாதைகள் ஊரின் கிழக்கு அடிவாரக் குன்றுகளில் 20 மைலுக்கு மேல் பின்னிக் கிடக்கின்றன. புதியவர்களுக்கு இதைவிடத் தோதான இடம் இங்கே இல்லை. பாதைகள் பிரியும் ஒவ்வொரு இடத்திலும் எண்ணிட்ட கம்பமும் வரைபடமும் உண்டு. முதல் வரைபடத்தைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டு, எந்த எண்ணிலிருந்து எந்த எண்ணுக்குப் போகிறோம் என்று பார்த்தபடி நடந்தால் வழி தவறாது. இரண்டு மணி நேரச் சுற்று ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். இருபுறமும் பின்யோன், ஜூனிப்பர் குட்டை மரங்களும் சோயா (cholla) என்கிற முள் கள்ளியும் இருக்கும். நிழல் குறைவு. பாறை இடுக்கில் கையை விடாதீர்கள், வெயில் மாதங்களில் ராட்டில் பாம்பு என்கிற விஷப் பாம்பு இருக்கலாம்.

நடந்து பழகியவர்களுக்கு ஆசை விடாது. அவர்களுக்கு அட்டலாயா மலை. செயின்ட் ஜான்ஸ் கல்லூரிப் பக்கமிருந்து ஏறினால் உச்சி 9,121 அடி, போய்வர ஏழு மைல் அளவு. கடைசிப் பகுதி நல்ல செங்குத்து. பான்டெரோசா பைன் மரங்கள் வந்ததும் ஒன்றின் பட்டையில் மூக்கை வைத்து முகர்ந்து பாருங்கள், வெயில் பட்ட பட்டையில் வனிலா வாசம் வரும். முந்தைய நாள் குன்றிலேயே மூச்சு முட்டியவர்கள் இதை விட்டுவிடலாம்.

படி 5: மூன்றாம் நாள் கொஞ்சம் கீழே, பேண்டலியர்

பேண்டலியர் தேசிய நினைவுச் சின்னப் பூங்காவுக்குக் காரில் ஒரு மணி நேரத்துப் பயணம். சான்டா ஃபேயைவிட ஏறக்குறைய 1,000 அடி தாழ்வான பள்ளத்தாக்கு என்பதால் உடம்புக்கும் ஓய்வு. பத்து லட்சம் ஆண்டுகளுக்கும் முன்பு ஹேமஸ் எரிமலை கக்கிய சாம்பல் இறுகி மென்பாறையானது. அதைக் குடைந்தும் அதன் முன்னே கல் அடுக்கியும் வீடு கட்டி, 1150 முதல் 1550 வரை புவெப்லோ மக்களின் மூதாதையர் இங்கே வாழ்ந்தார்கள். அவர்களுடைய வழித்தோன்றல்கள் இன்றும் கோச்சிட்டி, சான் இல்டிஃபோன்ஸோ போன்ற ஊர்களில் இருக்கிறார்கள்.

முக்கியச் சுற்றுப்பாதை ஒன்றரை மைலுக்குள் முடிந்துவிடும். ஏணி வைத்திருக்கும் குகைகளில் மட்டும் ஏறலாம். அதற்கு அப்பால் ஆல்கோவ் ஹவுஸ், தரையிலிருந்து 140 அடி உயரத்தில் ஒரு பாறைக் குடைவு. நான்கு மர ஏணிகளும் கல் படிகளும் ஏறிப் போக வேண்டும். உயரத்தைக் கண்டு பயம் உள்ளவர்கள் கீழே நிழலில் உட்காரலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வழியில் பானை ஓடு கிடந்தால் தொடாமல் வந்துவிடுங்கள், எடுப்பது சட்டப்படி குற்றம்.

கோடை தொடங்கி அக்டோபர் நடு வரை பகல் நேரத்தில் சொந்தக் காரில் உள்ளே போக முடியாமல், வொயிட் ராக் ஊரிலிருந்து ஷட்டில் பேருந்தில் போகவேண்டி வரும். தேதியும் நேரமும் மாறக்கூடும், முந்தைய நாள் பூங்காவின் இணையதளத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 6: நான்காம் நாள் 10,000 அடி

இப்போது உடம்பு ஓரளவு பழகியிருக்கும். ஹைட் பார்க் சாலையில் ஏறி ஆஸ்பென் விஸ்டாவில் வண்டியை நிறுத்துங்கள். இலை மாறும் வாரங்களின் சனி, ஞாயிறுகளில் எட்டு மணிக்கே பார்க்கிங் நிரம்பிவிடலாம்.

இது வண்டி போகுமளவு அகலமான பழைய மண் சாலை, சரிவும் மிதம். டெஸூக்கே சிகரம் வரை சுமார் ஆறு மைல் போகிறது, அங்கே 12,000 அடி தாண்டிவிடும். உச்சியில் ஆன்டெனா கோபுரங்கள்தான், அதற்காக யாரும் சாக வேண்டாம். முதல் இரண்டு மைலிலேயே ஆஸ்பென் தோப்பின் அழகெல்லாம் வந்துவிடும். தோப்பில் தனித்தனியாகத் தெரியும் மரங்களில் பல ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. அதனால்தான் ஒரு கூட்டம் ஒன்றாக மஞ்சளாகும்போது பக்கத்துக் கூட்டம் இன்னும் பச்சையாக நிற்கும்.

பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம்தான் சரியான வேகம். தலைவலி வந்து கூடிக்கொண்டே போனால், அல்லது குமட்டினால், உட்கார்ந்து பார்க்கலாம் என்று இழுக்காமல் உடனே கீழே இறங்குங்கள். இடிச் சத்தம் கேட்டாலும் அப்படித்தான். மேட்டிலும் தனி மரத்தடியிலும் நிற்காதீர்கள்.

ஐந்தாவது நாள் இருந்தால்

கூடாரம் கூடாரமாக வெள்ளைப் பாறைகள் நிற்கும் டென்ட் ராக்ஸ் போகலாம், ஆனால் கட்டாயம் முன்பதிவு வேண்டும். அது கிடைக்கவில்லையா, கிழக்கே பெக்கோஸ் வரலாற்றுப் பூங்கா இருக்கிறது. நுழைவுக் கட்டணம் இல்லை. புவெப்லோ ஊரின் இடிபாடுகளையும் ஸ்பானியத் தேவாலயத்தின் இடிபாட்டையும் ஒன்றேகால் மைல் பாதை சுற்றி வருகிறது. குழந்தைகளும் வயதானவர்களும் கூட வந்திருந்தால் நான் இதைத்தான் முதலில் சொல்வேன்.