பாறை முகட்டில் நடக்கத் திட்டம் போடுவது எப்படி: இரண்டு மணி நேரம் தப்பாகப் போன என் கணக்கோடு

கோத்தகிரிக்குக் கிழக்கே ஒரு பாறை முகடு. பெயர் சொல்ல மாட்டேன். இப்போது அங்கே போக அனுமதி இல்லை. சொன்னால் நாளைக்கே நாலு பேர் பைக்கை எடுத்துவிடுவீர்கள். போக மட்டும் 4 கிலோமீட்டர். காலை ஒன்பதரைக்கு ஏறி, பன்னிரண்டு மணிக்கெல்லாம் இறங்கி டீ குடிப்பதாகத் திட்டம். டீ குடித்தபோது மணி ஐந்தேமுக்கால். டீ மாஸ்டர் பாய்லரைக் கழுவிக்கொண்டிருந்தார்.

எங்கே சறுக்கினேன் என்று பிறகு உட்கார்ந்து பார்த்ததில் தேறிய முறைதான் இது. தண்ணீர் எடுத்துப் போ, தொப்பி போடு என்பதையெல்லாம் நான் சொல்ல வேண்டியதில்லை.

படி 1: இடமும் அனுமதியும்

முதல் முறை என்றால் 2024 அக்டோபரில் வனத்துறை தொடங்கிய ட்ரெக் தமிழ்நாடு தளத்தில் இருக்கும் பாதைகளில் ஒன்றை எடுங்கள். நீலகிரியில் கரிக்கையூர்–ரங்கசாமி சிகரம், அவலாஞ்சி–கோலாரிபெட்டா, கூடலூர் ஊசிமலை எல்லாம் அதில் உண்டு. பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி கூடவே வருவார். "நமக்கெதற்கு வழிகாட்டி" என்பவர்கள் 2018 மார்ச் 11 அன்று தேனி குரங்கணியில் மலையேறியவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்ததை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த புல்லில் பிடித்த தீ மேட்டைப் பார்த்துத்தான் ஓடும். நாமும் மேட்டைப் பார்த்துத்தான் ஓடுவோம்.

சொந்த வண்டியில் வெளியூரிலிருந்து வந்தால் இ-பாஸ் வேண்டும். 2024 மே 7 முதல் நீலகிரி, கொடைக்கானல் இரண்டுக்கும் இதே கதைதான்.

படி 2: மாதம்

நீலகிரி முழுக்க ஒரே மழை என்று நினைக்காதீர்கள். மேற்கே அவலாஞ்சிப் பக்கம் ஆடி, ஆவணியில் கொட்டும். 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் பெய்தது. கோத்தகிரி, குன்னூர் பக்கம் ஐப்பசி, கார்த்திகை. 2009 நவம்பர் நிலச்சரிவு அந்தப் பக்கத்து ஆட்களுக்கு இன்னும் மறக்கவில்லை. பிப்ரவரி பாதிக்கு மேல் தீக் காலம். என் தேர்வு ஜனவரிதான்.

படி 3: ஏற்றத்தைக் கூட்டுவது (நான் விழுந்த இடம்)

இந்திய நில அளவைத் துறையின் டோப்போ ஷீட், அதாவது மேடு பள்ளம் காட்டும் வரைபடம் வேண்டும். அவர்கள் தளத்தில் பதிவு செய்தால் பிடிஎஃப் கிடைக்கும். 1:50,000 அளவு, அதாவது தாளில் 2 செ.மீ. என்றால் தரையில் 1 கிலோமீட்டர். பழுப்பு நிறத்தில் வளைந்து வளைந்து போகிறதே, அதுதான் சம உயரக் கோடு. ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் 20 மீட்டர் உயர வித்தியாசம்.

நான் செய்தது என்ன? தொடக்கம் 1500 மீட்டர், முடிவு 1720. ஏற்றம் 220 மீட்டர் என்று எழுதிவிட்டேன். முகடு என்ன ஏணியா, ஒரே சீராக ஏற? நடுவில் மூன்று பள்ளம்: 40, 60, 40. இறங்கியதையெல்லாம் மறுபடி ஏற வேண்டும். ஆக ஏற்றம் 360. திரும்பும்போது "இறக்கம்தானே" என்று நினைத்தால், அந்த 140 அங்கேயும் காத்திருக்கிறது.

அடுத்து நேரம். நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1892-ல் சொன்ன கணக்கு ஒன்று உண்டு: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி, அதன் மேல் 600 மீட்டர் ஏற்றத்துக்கு ஒரு மணி. நான் 220-ஐ வைத்துப் போட்டதில் வந்தது 1 மணி 10 நிமிடம். 360-ஐ வைத்திருந்தாலும் 1 மணி 24 நிமிடம்தான். உண்மையில் போக மட்டும் ஆனது 3 மணி 10 நிமிடம். அது நல்ல பாதையில் விறுவிறுவென்று நடப்பவர்களுக்கான கணக்கு. கையை ஊன்றி, பின்பக்கத்தைத் தேய்த்து இறங்கும் பாறைக்கு அது ஆகாது. இப்போது நான் போடுவது: 2 கிலோமீட்டருக்கு ஒரு மணி, 100 மீட்டர் ஏற்றத்துக்குக் கால் மணி. அதே முகட்டுக்கு 2 மணி 54 நிமிடம் வருகிறது. இறக்கத்துக்கு ஒரு நிமிடம்கூடக் குறைக்க மாட்டேன்.

படி 4: வரைபடத்தில் இல்லாத பாறை

மிச்சக் கால் மணியைத் தின்றது இதுதான். இரண்டாவது பள்ளத்தில் இறங்கப் போனால் காலடியில் பாறை செங்குத்தாக வெட்டிவிட்டது, மூன்று ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும். டோப்போ ஷீட்டில் ஒன்றுமே இல்லை. எப்படி இருக்கும்? 20 மீட்டருக்கு ஒரு கோடு என்றால் 15 மீட்டர் வெட்டு இரண்டு கோட்டுக்கு நடுவில் ஒளிந்துகொள்ளும். போகும்போது எப்படியோ தொற்றி இறங்கிவிட்டோம். திரும்பும்போது மூடுபனி. பாறையில் கருப்புப் பாசி நனைந்து சோப்பு போட்டதுபோல் ஆகிவிட்டது. நீலகிரி, பழனி மலைப் பாறை பெரும்பாலும் சார்னோக்கைட் என்ற கடினமான பாறை. காய்ந்திருந்தால் ஷூ பசைபோல் ஒட்டும், நனைந்தால் அதே பாறை வேறு பாறை. பக்கத்துச் சோலைக் காட்டுக்குள் இறங்கிச் சுற்றி ஏற நாற்பது நிமிடம்.

இதற்கு இரண்டு வழி வைத்திருக்கிறேன். ஒன்று, செயற்கைக்கோள் படத்தில் முகட்டை நன்றாகப் பெரிதாக்கி நிழல் தேடுவது. முகட்டுக்குக் குறுக்கே மெல்லிய கருப்புக் கோடு தெரிந்தால் அது வெட்டு.

இரண்டாவது, என்னைக் கேட்டால் இதுதான் முதலாவது: அடிவாரத்தில் கேட்பது. "வழி இருக்கா?" என்று கேட்காதீர்கள், எல்லோரும் "இருக்கு" என்பார்கள். அவர்களுக்கு இருக்கிறது. நான் கேட்டது ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பாட்டியிடம், எல்லாம் முடிந்து இறங்கி வந்த பிறகு.

"பாட்டி, அந்தப் பாறைப் பக்கம் மாடு போகுமா?"

"ஆடு போகும் தம்பி. மாடு எப்படிப் போகும்?"

காலையில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. மாடு போகும் இடத்துக்குப் புதிதாக நடப்பவர்கள் போகலாம். ஆடு மட்டும் போகும் இடத்தில் நமக்கு வேலை இல்லை.

படி 5: திரும்பும் நேரம்

ஜனவரியில் ஆறரை வாக்கில் இருட்டத் தொடங்கிவிடும், சோலைக்குள் அதற்கும் முன்னால். நாலரை மணிக்கு அடிவாரத்தில் இருக்க வேண்டும் என்று வைத்துப் பின்னாலிருந்து எண்ணுங்கள். மூன்று மணி நேரத்தைக் கழித்தால் ஒன்றரை. உச்சி இருபது நிமிடத்தில் இருந்தாலும் ஒன்றரைக்குத் திரும்புவது. இதை வீட்டிலேயே தாளில் எழுதி எல்லோரிடமும் காட்டிவிடுங்கள். மேலே போய் ஓட்டெடுப்பு நடத்தினால் உச்சிதான் ஜெயிக்கும்.

சாமான்

ஃபோன் மேப்பை ஆஃப்லைனில் இறக்கி, ஏரோபிளேன் மோடில் போடுங்கள். ஜிபிஎஸ் வேலை செய்யும், பேட்டரி நிற்கும். ஆனாலும் தாளில் ஒரு பிரிண்ட் இல்லாமல் நான் கிளம்புவதில்லை. ஊன்றுகோல் ஒன்று போதும். இரண்டு பிடித்தால் பாறையைப் பிடிக்கக் கை இருக்காது. விலை உயர்ந்த ட்ரெக்கிங் ஷூவைவிட சாதாரண கான்வாஸ் ஹன்டர் ஷூ எனக்குப் பிடிக்கும். ஸ்டீல் பாட்டில் எடுங்கள், மலையில் சின்ன பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை. சென்ட் வேண்டாம். பாறை இடுக்கில் பெருந்தேனீக் கூடு இருக்கும். வாசனையும் புகையும் அதற்கு ஆகாது.

பிறகு சேர்த்தது: ஃபோன் காம்பஸ் தப்புத் தப்பாகக் காட்டுகிறது என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். உறையைப் பாருங்கள். மூடியில் காந்தம் இருந்தால் வடக்கு எங்கேயோ போய்விடும். கழற்றிவிட்டுப் பாருங்கள்.

இன்னொன்று: "எஸ்டேட் நாய் ஒன்று கூடவே வந்தது, நல்ல துணை" என்று ஒருவர் சொன்னார். கோத்தகிரித் தேயிலைக் காட்டில் கரடி சாதாரணம். நாய் முன்னால் ஓடிப் போய்க் கரடியைப் பார்த்துக் குரைக்கும், அது துரத்தினால் நேராக நம்மிடம்தான் ஓடி வரும், பின்னால் கரடியோடு. நாய் பின்னாலேயே வராமல் இருக்க, கிளம்பும் இடத்தில் பிஸ்கட்டை வெளியே எடுக்காதீர்கள்.