அத்தை பேசியதை அப்படியே எழுத்தாக்குவது: பேச்சுத்தமிழைப் பதிவு செய்து ஆராயத் தொடங்குபவர்களுக்கு

போன கோடையில் என் அத்தையின் பேச்சை 26 நிமிடம் பதிவு செய்தேன். திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமம். ஊரை விட்டு அதிகம் போகாதவர். அதை எழுத்தாக்கி முடிக்க ஏழு வாரம் ஆனது. முதல் மூன்று வாரம் எழுதியதை மொத்தமாக அழித்துவிட்டுத் திரும்ப எழுதினேன். அந்த மூன்று வாரம் உங்களுக்கு மிச்சமாக வேண்டும் என்றுதான் இந்தப் பதிவு.

1. பதிவு

முதலில் அனுமதி கேளுங்கள். ஒளித்து வைத்துப் பதிவு செய்வது தவறு, எவ்வளவு இயல்பான பேச்சு கிடைத்தாலும் தவறுதான்.

போன் போதும். எம்பி3 வேண்டாம், வாவ் கோப்பாகச் சேமியுங்கள்: 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், மோனோ. நிமிடத்துக்கு 5 எம்பி சொச்சம்தான் ஆகும். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள்.

யாரும் கவனிக்காதபோது மக்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்று தெரிய வேண்டும். ஆனால் கவனித்தால்தான் அது தெரியும். அமெரிக்க மொழியியலாளர் வில்லியம் லபோவ் சொன்ன இந்தச் சிக்கல் முதல் நிமிடத்திலேயே வந்து நிற்கும். அத்தை "ஏட்டி, அது ஓடுதா?" என்று போனைப் பார்த்துப் பார்த்துப் பேசினார். பன்னிரண்டாவது நிமிடத்தில் அம்மா வந்து உட்கார்ந்தார், பேச்சு ஒரு பழைய கல்யாணத்துக்குப் போனது, போனை இருவரும் மறந்துவிட்டார்கள். அதனால் நீங்கள் கேள்வி கேட்காதீர்கள். ஒருவரையொருவர் நன்றாகத் தெரிந்த இருவரைப் பேச விட்டுவிட்டு ஒதுங்குங்கள். தொடக்கத்துப் பத்து நிமிடத்தைக் கணக்கில் வைக்காதீர்கள்.

2. ஈலானில் துண்டு போடுவது

நெதர்லாந்தின் நைமேகனில் இருக்கும் மாக்ஸ் பிளாங்க் உளமொழியியல் நிறுவனம் உருவாக்கிய ஈலான் மென்பொருளைத்தான் நான் பரிந்துரைப்பேன். இலவசம். வேர்டில் தட்டச்சு செய்தால் எந்த வரி ஒலியின் எந்த நொடியைச் சேர்ந்தது என்பது தொலைந்துவிடும். ஈலானில் ஒவ்வொரு வரியும் ஒலியோடு கட்டப்பட்டிருக்கும். குரலின் சுருதி ஏறி இறங்குவதைப் பார்க்க மட்டும் ப்ராட் என்ற ஒலி ஆய்வு மென்பொருளை வைத்துக்கொள்ளுங்கள்.

ஆளுக்கு ஓர் அடுக்கு, அதாவது டியர். அத்தைக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் கீழே பொருள் எழுத இன்னோர் அடுக்கு. இங்கேதான் பலர் மாட்டுகிறார்கள்: கீழடுக்கை டிஃபால்ட் வகையில் போட்டால் அது மேலடுக்கோடு சேராது. முதலில் டைப் மெனுவில் ஒரு புது டியர் வகையை உருவாக்கி, அதன் ஸ்டீரியோடைப்பாக 'சிம்பாலிக் அசோசியேஷன்' (மேல்துண்டு ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு துண்டு) என்பதைத் தேர்ந்தெடுங்கள், அப்புறம் அந்த வகையில் கீழடுக்கைச் சேருங்கள்.

சரி, இப்போது செக்மென்டேஷன் மோடுக்குப் போய், பேச்சு தொடங்கும்போது ஒரு என்டர், முடியும்போது ஒரு என்டர். வாக்கியம் எங்கே முடிகிறது என்று தேடாதீர்கள். பேச்சில் வாக்கியம் அப்படிக் கிடைக்காது. மூச்சும் சுருதியும் எங்கே விழுகின்றனவோ அங்கே வெட்டுங்கள். இந்தக் கட்டத்தில் ஓர் எழுத்துகூடத் தட்டச்சு செய்ய வேண்டாம்.

3. கேட்டதை எழுதுவது

என் மூன்று வாரம் போன இடம் இது. அத்தை சொன்னது:

"மாமா வந்து (0.8) அன்னைக்கு வந்து மேலுக்கு சொகமில்ல, அதான் வரலன்னு சொல்லுதாவ."

நான் எழுதியிருந்தது:

"மாமா அன்னைக்கு உடம்பு சரியில்ல, அதனால வரலன்னு சொல்றாங்க."

எழுத்துத்தமிழுக்கு மாற்றிவிடக் கூடாது என்பதில் நான் மிகக் கவனமாக இருந்தேன். அப்படியும் ஒரே வரியில் ஐந்து இடம் மாறியிருக்கிறது, ஏனென்றால் என் காது திருத்தியது எழுத்துத்தமிழுக்கு அல்ல, நான் அலுவலகத்தில் பேசும், படங்களில் கேட்கும் பொதுப் பேச்சுத்தமிழுக்கு. 'சொல்லுதாவ' என்பதில் நெல்லையின் நிகழ்காலமும் இருக்கிறது, மாமாவுக்குத் தரும் மரியாதையும் இருக்கிறது. 'மேலுக்கு' என்றால் உடம்புக்கு. இரண்டும் என் எழுத்தில் இல்லை.

அதைவிடப் பெரிய இழப்பு அந்த இரண்டு 'வந்து'. யாரும் எங்கிருந்தும் வரவில்லை. அத்தை அடுத்த சொல்லைத் தேடுகிறார், ஆனால் பேச்சை விட்டுக்கொடுக்கவில்லை. 'வந்து' என்று சொல்லிவிட்டு 0.8 நொடி நிறுத்துகிறார். அம்மா அந்த இடத்தில் குறுக்கிடவில்லை. பேச்சை எப்படி முறை வைத்துப் பகிர்ந்துகொள்கிறோம் என்று படிக்க வேண்டுமானால் அந்த 'வந்து' போன்ற சொற்கள்தான் சான்று. நாம் முதலில் தூக்கிப் போடுவதும் அவற்றைத்தான்.

நான் இப்போது செய்வது இது: இரண்டு நொடித் துண்டைத் திரும்பத் திரும்பக் கேட்டு, முதலில் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கிறேன். என் வாயில் அத்தையின் ராகம் வந்த பிறகுதான் தட்டச்சு. தானியங்கிக் கருவி எழுதிக் கொடுக்கும் வரைவில் தொடங்காதீர்கள். அது பேச்சைச் சமப்படுத்தித் தருகிறது. திரையில் ஒரு சொல்லைப் பார்த்துவிட்டால் காதுக்கும் அதுவே கேட்கும்.

குறியீடுகளுக்கு, உரையாடல் ஆய்வாளர் கெயில் ஜெஃபர்சனின் முறை போதும். அடைப்புக்குள் எண் என்றால் அத்தனை நொடி மௌனம். (.) என்றால் 0.2 நொடிக்கும் குறைவு. 'ஆமா::' என்றால் இழுப்பு, 'போ-' என்றால் பாதியில் அறுந்த சொல். இருவர் ஒரே நேரத்தில் பேசும் இடத்துக்கு [ ].

ஒரு முடிவை முன்பே எடுத்து எழுதி வைத்துவிடுங்கள். 'வந்தான்' என்பதன் கடைசி ன் பேச்சில் மெய்யாக ஒலிக்காது, உயிர் மூக்கு வழியாக வரும், அவ்வளவுதான். அந்த மூக்கொலிக்கு நம் எழுத்தில் குறி இல்லை. ன்-ஐ விட்டுவிட்டால் 'வந்தாள்', 'வந்தால்' இரண்டுக்கும் பேச்சில் இருக்கும் 'வந்தா'வோடு இதுவும் கலந்துவிடும். அதனால் நான் ன்-ஐ வைத்தே எழுதுகிறேன். மற்ற இரண்டையும் 'வந்தா' என்று எழுதி, கீழடுக்கில் எது என்று பிரிக்கிறேன். நீங்கள் வேறு முறை வைத்தாலும் சரி, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை ஒரே முறையாக இருக்கட்டும்.

பின்சேர்க்கை: 'ஒரே சொல் இரண்டு இடத்தில் இருக்கிறது, தேடினால் ஒன்றுதான் வருகிறது' என்று ஒரு வாசகி எழுதியிருந்தார். அவர் கோப்பை வாங்கிப் பார்த்தேன். 'கொ' என்பதில் இருக்கும் கொம்பும் காலும் சேர்ந்த குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் இடலாம், கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாகவும் இடலாம். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, தேடலில் சிக்காமல் போகலாம். அவர் வீட்டுக் கணினியிலும் கல்லூரிக் கணினியிலும் வேறு வேறு விசைப்பலகை. இரண்டு குறியாக இருந்ததையெல்லாம் ஒன்றாக மாற்றிய பிறகு அவருடைய 'கொஞ்சம்' அத்தனையும் தேடலில் வந்தன.